ஜெயக்கொடியின் பல்லும் நான்காம் வரிசை மாவும்

எங்கள் அம்மா தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்த ஆறாவது நாள், மில் காலனி நான்காம் வரிசையில் எந்தெந்த வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருந்ததோ அந்தந்த வீட்டில் அது தானாக மாவானது. பக்கத்து வீட்டுக் குருவம்மா அத்தையின் எவர்சில்வர் போசியில் ஆனது, பரிமளா அக்கா இட்லிக் கடையின் நீல டப்பில் ஆனது, புதுசாகக் கல்யாணமாகி வந்தவர்கள் குக்கருக்குள் ஊறப் போட்டிருந்த அரை ஆழாக்கு கூட ஆனது. அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை, யார் வீட்டு கிரைண்டரும் ஓடவில்லை, யாரும் கை வைக்கவும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மூடியைத் திறந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், பிறகு உப்புப் போட்டுக் கரைத்து வைத்தார்கள். மாவு ஆன பிறகு வேறு என்ன செய்வது.

அம்மா பெயர் ஜெயக்கொடி. ஸ்பின்னிங் மில்லில் முழு நைட்டு. ராத்திரி போனால் காலை எட்டு மணி வரைக்கும் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடக்கிற வேலை. வந்து, தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டி, குளித்து, ரெண்டு வாய் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பாள். அப்பா கேரளாவில் பெயிண்ட் அடிக்கிறார், அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. நான் சங்கவி, பதினேழு வயசு. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை, போகவில்லை. நான் நின்ற வாரத்தில்தான் அம்மா பல்லைக் கடிக்க ஆரம்பித்தாள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். நான் இல்லையென்று சொல்லவில்லை.

மாவு எங்கிருந்து அரைகிறது என்று கண்டுபிடித்தது குருவம்மா அத்தைதான். மறுநாளும் கரண்ட் இல்லை. ஃபேன் சத்தமும் டிவி சத்தமும் இல்லாத மத்தியானத்தில் எங்கள் ஜன்னல் வழியாக நறநறவென்று வந்த சத்தமும், அவள் போசிக்குள் அரிசி சுற்றின சுற்றும் ஒரே தாளத்தில் இருந்தன. அம்மா புரண்டு படுத்தால் அரிசி நின்றது. அம்மா மறுபடி கடித்தால் அரிசி சுற்றியது.

"ஏ சங்கவி, இங்க வாடி" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "உங்காத்தா வாயிலதான்டி இந்த வரிசைக்கே மாவு அரையுது."

அதோடு அவள் அந்த மாவைத் தொடவில்லை. அவளுக்கு எச்சில் ஆகாது. பெற்ற பிள்ளை குடித்த டம்ளரைக்கூடக் கொதிதண்ணி ஊற்றிக் கழுவாமல் எடுக்க மாட்டாள், கோயில் பிரசாதத்தையே அண்ணாந்து வாயில் போட்டுக்கொள்கிறவள். "வாயில அரைஞ்சது எச்சி மாவு, தேனா இனிச்சாலும் எனக்கு வேணாம்" என்று சொல்லி, தன் வீட்டு அரிசியை மூன்றாம் வரிசையில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் ஊறப் போட்டாள். வரிசையில் மற்ற யாருக்கும் அப்படி ஒரு எண்ணம் வரவே இல்லை.

அவர்களுக்கு வந்தது மரியாதை. பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் நான்காம் வரிசையில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஆனது, வெங்காய வண்டிக்காரர் வரிசை முனையிலேயே மைக்கை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளினார், லீவு நாளில் பிள்ளைகளை ரெண்டாம் வரிசைக்கு விரட்டிவிட்டார்கள், அம்மாவுக்கு வியர்க்கக் கூடாதென்று யாரோ ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைத்தார்கள், அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகப் போட்டால் சரியாக வராது என்று தெரிந்துகொண்டு தனித்தனியாக ஊறப் போட்டார்கள், கிரைண்டர்களைக் கழுவித் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள், வேறு வரிசைக்காரர்கள் பாத்திரத்தில் பெயர் எழுதிக் கொண்டுவந்து எங்கள் வரிசைச் சொந்தக்காரர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு என்ன மனநிலை என்பதைப் பொறுத்து மாவின் பதம் மாறுகிறது என்பதும் பிடிபட்டது. மில்லில் நிம்மதியாக இருந்த நாளில் கொரகொரவென்று அடைக்கு ஆகிற பதம். மேஸ்திரி திட்டின நாளில் நைசாக ஆப்பத்துக்கு ஆகிற பதம்.

எட்டரை மணிக்கு அம்மா வரிசைக்குள் நுழையும்போதே கேட்பார்கள். "என்ன ஜெயா, இன்னைக்குத் திட்டு வாங்குனியா?"

"கொஞ்சம் வாங்குனேன்க்கா."

"அப்ப ஆப்பத்துக்கே போட்டுறலாம்" என்று திரும்பி உள்ளே குரல் கொடுப்பார்கள்.

அம்மா சிரித்துக்கொண்டே வருவாள். அவள் பல் குட்டையாகிக்கொண்டே வந்ததை நான் அந்தச் சிரிப்பில்தான் பார்த்தேன். முதலில் முறுக்குக் கடிக்க முடியவில்லை, பிறகு பானைத் தண்ணி கூசியது, பிறகு நாலு மணிக்கு எழும்போது ரெண்டு பக்க நெற்றிப்பொட்டையும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல், சாவி போடுகிற மாதிரி தாடையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்துத் திறப்பாள்.

பரிமளா அக்கா ஒரு கல்யாணத்துக்குக் காலை டிபன் பிடித்திருந்தாள். நாற்பது கிலோ அரிசி. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒன்பது மணிக்கு, இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு தூக்கில் காப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜெயா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே. இந்தப் பிள்ளைய என்ன செய்யப் போற?"

"எந்தப் பிள்ளைய?"

"சங்கவியத்தான். படிப்பும் இல்ல, வாயும் நீளம். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா? அவுங்கப்பன நம்ப முடியுமா? சொல்லக்கூடாது, எங்க ஓரகத்தி மக இப்படித்தான் இருந்து இருந்து கடைசில..."

கடைசியில் என்ன ஆனது என்று மூன்று பேரும் மாறிமாறிச் சொன்னார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அவர்கள் போனதும் வாசலுக்கு வந்து பார்த்தால், எங்கள் வாசப்படியை ஒட்டி ஆறு டப் வரிசையாக ஊறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு கட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கட்டை நான்.

அன்று மாவு வெண்ணெய் மாதிரி வந்தது. நாலு மணிக்கு அம்மா எழுந்து உள்ளங்கையில் எதையோ துப்பினாள். நொய்யரிசியோ என்று விரலால் தள்ளிப் பார்த்தேன். பல்.

மறுநாள் கல்யாண வீட்டில் இட்லி பூ மாதிரி இருக்கிறதென்று இலைக்கு இலை பேச்சு. என் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளிடம், "அதுல எங்கம்மா பல்லு இருக்கு" என்றேன். "கால்சியம்மா, உடம்புக்கு நல்லதுதான்" என்று சொல்லி இன்னும் ரெண்டு வாங்கிக்கொண்டார்.

நான் அம்மாவை இழுத்துக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். ரெஹானா என்று சின்ன வயசு டாக்டர். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தூக்கத்துல கடிக்கிறீங்க. ஏதும் கவலையாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"கவலை இல்லாதவங்க பல்லு இப்படி மொழுமொழுன்னு ஆகாது."

நான் மாவு விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தாமல், "பச்சரிசியா, இட்லி அரிசியா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தாங்க."

"எதுவா இருந்தாலும் நிக்கணும். இல்லன்னா ஆறு மாசத்துல நரம்பு வெளிய வந்துரும், அப்புறம் ஒவ்வொண்ணாப் பிடுங்க வேண்டியதுதான்."

வாயில் பிசைந்த மாவு மாதிரி எதையோ வைத்து அச்சு எடுத்தார். பத்து நாளில் லேபிலிருந்து நைட் கார்டு வந்தது. மேல் பல்லுக்குக் கவசம் மாதிரி, கண்ணாடி போலத் தெளிவாக, லாடம் போல வளைந்து. ராத்திரி போடணும் என்றார். அம்மா பகலில் தூங்குவாள் என்றேன். அப்போ பகலில் போடணும் என்றார். கழற்றினதும் பச்சைத் தண்ணியில் அலசணும், மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்கணும், பேஸ்ட் போட்டால் கீறல் விழும், ஓட்டை வைத்த டப்பியில் காற்றாட வைக்கணும், துணியில் சுற்றி வைத்தால் குப்பை என்று எறிந்துவிடுவார்கள், வெயில் படக்கூடாது, சுடுதண்ணி கிட்டேயே போகக் கூடாது. ஹோம்வொர்க் நோட்டை ஒருநாள் ஒழுங்காக வைத்துக்கொள்ளாத நான் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். நாலு மணிக்கு அம்மா கழற்றிக் கொடுப்பாள், எச்சில் நூலோடு வெதுவெதுப்பாக என் உள்ளங்கையில் விழும், நான் அலசித் தேய்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். பல்லில் விழ வேண்டிய கீறல் அதில் விழுந்திருக்கும்.

அம்மா அதை முதல் நாள் போட்டுப் படுத்த அன்று, நாலு மணிக்கு மூடியைத் திறந்தவர்களுக்கு அரிசி அரிசியாகவே இருந்தது.

இப்படி ஒரு அதிசயத்தை நான்காம் வரிசை அதுவரை பார்த்ததில்லை. பாத்திரமும் கையுமாக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். கெஞ்சினார்கள். "தெனமும் போடணும்னு டாக்டர் சொன்னாங்களா? ஒருநாள் விட்டு ஒருநாள் போடட்டுமே." "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் கழட்டிக்கிறட்டும், பிள்ளைங்க இட்லி கேக்குதுங்க."

"உங்க வீட்டுல கிரைண்டர் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"பெரியவங்க பேசுறப்ப இவ ஒருத்தி" என்றாள் பரிமளா அக்கா.

அம்மா என்னை உள்ளே அனுப்பிவிட்டு, பார்க்கலாம்க்கா, பார்க்கலாம்க்கா என்று எல்லாரிடமும் சொல்லி அனுப்பினாள். உள்ளே வந்ததும் நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"பதினெட்டு வருசமா இந்த வரிசையில இருக்கேன். எங்கிட்ட யாருடி வந்து உக்காந்து பேசியிருக்கா? தூங்குறவ வீடுன்னு தாண்டிப் போயிருவாக. இதுக்காகத்தான வந்தாக."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் பத்து மணிக்கு டார்ச் அடித்து அவள் வாயைப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துவேன். ரெண்டே நாளில் ஹாரன் திரும்பி வந்தது, வெங்காய வண்டி மைக் எங்கள் ஜன்னலுக்கு நேராக நின்று கத்தியது, கொடுத்த டேபிள் ஃபேனை வாங்கிக்கொண்டு போனார்கள். குருவம்மா அத்தை மட்டும் எங்கள் பக்கம். "வர்றவ போறவ எல்லாம் அவ வாயில சோறு பொங்குறாளுக, நீ விடாதடி" என்பாள்.

பதிமூன்றாம் நாள், ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கார்டை அலசி டப்பியில் வைத்துவிட்டு எட்டரைக்குக் கிளம்பினேன். அம்மா வந்து குளிக்கப் போயிருந்த நேரத்தில் குருவம்மா அத்தை கீரைக்குழம்பு கொடுக்க வந்திருக்கிறாள். வாயில் போடுகிற சாமான் குடிதண்ணிக் குடத்துக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அவளுக்கு உடம்பு கூசியிருக்கிறது. இந்தப் பிள்ளை பச்சைத் தண்ணியில் அலசினால் எச்சில் போகுமா, பாவம், ஜெயா அசுத்தத்தையே வாயில் போட்டுக்கொண்டு படுக்கிறாளே என்று, தன் வீட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணி கொண்டுவந்து, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு, இடுக்கியால் பிடித்து அதை முக்கி எடுத்திருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது கார்டு வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி மஞ்சளாகச் சுருண்டு கிடந்தது. அத்தை இடுக்கியோடு நின்றாள்.

"சுத்தம் பண்ணித்தான்டி வச்சேன். என்னமோ நெளியுது."

"சுடுதண்ணி படக்கூடாது அத்தே! படக்கூடாது!"

"எச்சி போகணும்ல..."

நான் அவளைச் சந்தேகப்படவாவது முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மாவை ஒரு கரண்டி கூடத் தின்னாதவள் அவள் ஒருத்திதான்.

டாக்டர் மறுபடி அச்சு எடுத்தார். லேபிலிருந்து வரப் பத்து நாள். அதை முன்னால் வாங்க நான் என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. கடவாய்ப் பல்லைக் காட்டி, "இங்க தாள் கனம்தான் மிச்சம் இருக்கு. அதுக்குள்ள நரம்பு. பத்து நாள் பல்லோட பல்லு படாமப் பாத்துக்க" என்றார்.

"எப்படிப் பாத்துக்கிறது?"

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விஷயம் வரிசைக்குத் தெரிந்திருந்தது. டேபிள் ஃபேன் பழைய இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வாசல் வாசலாக அரிசி ஊறிக்கொண்டிருந்தது, முப்பத்தோரு பாத்திரம்.

முதல் நாள் கர்ச்சீப்பை மடித்து அம்மா கடவாயில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரிதிரியாகப் பிய்ந்தது. ரெண்டாம் நாள் சைக்கிள் டியூபை வெட்டிக் கழுவி வைத்தேன். அதை அவள் தூக்கத்திலேயே துப்பிவிட்டாள், துப்பிவிட்டுக் கடித்தாள், வெளியே முப்பத்தோரு பாத்திரமும் சுற்றின. மூன்றாம் நாள் என்னிடம் வேறு எதுவும் இல்லை. அம்மா அசந்ததும் என் ஆள்காட்டி விரலைக் கழுவி, கன்னத்தோரமாக உள்ளே விட்டு, மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவில் குறுக்கே வைத்தேன்.

தாடை மூடி வந்தது. விரல் கணுவில் பல் பட்டது. பட்ட இடத்தில் நின்றது. நெருக்கியடித்துப் பிள்ளைகள் படுத்திருக்கிற வீட்டில் இருட்டில் நடக்கிறவள், காலுக்கடியில் மெத்தென்று ஏதோ பட்டதும் காலைப் பின்னால் எடுத்துக்கொள்வாளே, அப்படி எடுத்துக்கொண்டது. மறுபடி மூடி வந்தது, மறுபடி எடுத்துக்கொண்டது. அம்மா தூங்கிக்கொண்டேதான் இருந்தாள். வெளியே அரிசி அசையவில்லை.

அதற்கப்புறம் பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணி குடித்தால் ஒன்றுக்கு வரும் என்று குடிக்கவில்லை. கை மரத்தால் அடுத்த கை. ஜெராக்ஸ் கடையில் கூப்பிட்டார்கள், போகவில்லை. அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தால் விடமாட்டாள். நாலு மணிக்கு எழுந்து, "இன்னைக்குத் தாடை வலிக்கலடி, என்னமோ தெரியல" என்பாள். ஐந்தாம் நாள் பரிமளா அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, அம்மா முழித்துவிடக் கூடாதென்று குசுகுசுவென்று, "ஒரு அரை மணி நேரம் மட்டும் எடுடி, கடைக்கு மட்டும்" என்றாள். நான் திட்டினால் அம்மா எழுந்துவிடுவாள். திட்டவில்லை. முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆறாம் நாள் பதினோரு மணிக்கு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலில் குருவம்மா அத்தை நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்து, குடத்தில் தண்ணி மொண்டு கையைக் கழுவினாள்.

"எந்திரி. போயி ரெண்டு வாய் தின்னுட்டு வா. நான் வைக்கிறேன்."

"அத்தே, உங்களுக்கு..."

"எந்திரிடி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் வாய்க்குள் விரலை விட்டாள், எச்சில் பட்டதும் அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது, எடுக்கவில்லை. நான் அடுப்படியில் சோற்றில் கை வைத்தேன்.

அம்மாவின் பல்லுக்கு அது யாருடைய விரலோ. இறங்கியது, நிற்கவில்லை.

நான் ஓடி வந்தபோது அத்தை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் வரக் கூடாதென்று. கண்ணில் தண்ணி ஊற்றியது. எடுங்க அத்தே, எடுங்க என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் தலையை ஆட்டினாள். எடுத்தால் பல்லோடு பல் படுமே. என் விரலை உள்ளே நுழைத்து, தாடை விலகிக்கொண்ட பிறகுதான் அவள் தன் விரலை வெளியே எடுத்தாள். மேல் கணு எலும்பு வரைக்கும் தெரிந்தது. அதற்குள் வெளியே முப்பத்தோரு பாத்திரமும் நாலைந்து சுற்றுச் சுற்றி நின்றிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மாவு, செம்பருத்தி கரைத்துவிட்ட மாதிரி இளஞ்சிவப்பாக.

நான்காம் வரிசை அதைப் பார்த்தது. அத்தை புடவையில் சுற்றின கையோடு வரிசையின் நடுவில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனதையும் பார்த்தது. நாலு மணிக்குச் சில பேர் பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். சில பேர் சிவந்ததை மட்டும் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, மிச்ச அரிசியை ஏழு தண்ணியில் கழுவினார்கள். சாயங்காலம் எங்கெங்கே கட்டிலுக்கடியிலிருந்து கிரைண்டரை இழுக்கிற சத்தம் கேட்டதென்று நான் எண்ணவில்லை. ஒன்றிரண்டு வீட்டில் கேட்டது.

அம்மா எழுந்து வாசலுக்கு வந்து, அத்தை கையில் கட்டைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இம்புட்டுப் பெரிய கட்டு?" என்றாள்.

"அருவாமனைடி. கவனிக்கல."

"பாத்து அரியக்கூடாதா? வயசாயிருச்சுல்ல, இனிமே சங்கவியக் கூப்பிடுக்கா, சும்மாதான இருக்கா."

"கூப்பிடுறேன்" என்றாள் அத்தை.

மறுநாள் காலை அம்மா படுத்ததும் வாசலை எட்டிப் பார்த்தேன். பத்தொன்பது பாத்திரம் இருந்தது. பன்னிரண்டு வாசல் காலி. பரிமளா அக்காவின் நீல டப் இருந்தது. கார்டு வர இன்னும் மூன்று நாள். நான் வந்து உட்கார்ந்து அம்மாவின் கன்னத்தை ஒதுக்கினேன். என் விரல் ரெண்டும் வெள்ளையாக ஊறிப்போய், மடக்க முடியாமல் இருந்தன.

குருவம்மா அத்தை உள்ளே வந்தாள். வலது கையை மாரோடு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஜென்மத்தில் யார் முன்னாலும் நீட்டியிராத இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

"நீ அசந்தா எழுப்ப மாட்டேன்" என்றாள். "இத உள்ள வச்சுருவேன்."